எல்லோருக்கும் பதினான்கு

பிப்ரவரி.
டுலூத்தில் ஏரி இறுகிப்போயிருந்தது.
தாதுக் கப்பல்கள் மார்ச் வரை நகராது.
அவற்றின் வயிற்றுக்குள் இறங்கி
பகலெல்லாம் தகடு பற்றவைத்துவிட்டு
வெள்ளி இரவுகளில் ஓரின்
என் வீட்டு நிலவறைக்கு வாளோடு வருவான்.

வாள் காகிதத்தில்தான் இருந்தது.
காகிதத்தில்கூட அது மொண்ணை.

பா ஞியா மருந்துக்கடையிலிருந்து நேரே வருவாள்,
கழுத்தில் இன்னும் பெயர் அட்டை.
ஒரு வாக்கியம் சொல்வாள்,
இருபது பூதங்கள் சாம்பல்.
"அடுத்தது யார்?" என்று நான் கேட்கும்போது
அடுத்தவருக்கு எதுவும் மிச்சமிராது.

ஏழாவது வாரம்தான் கவனித்தேன்:
சண்டை தொடங்கினால் ஓரின் மேலே போய்
அடுப்பில் சூப்பைக் கிளறுகிறான்.
அவன் பகடை, இருபது முகமும் வாடி,
காலி நாற்காலிக்கு எதிரே.

நான் தொழிலில் கணக்கர்.
வரவும் செலவும் ஒட்டாவிட்டால்
உறக்கம் வராது எனக்கு.
ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன்.
வாளில் கூட்டினேன், நெருப்பில் கழித்தேன்.
திருடிக்கு (அவள் டெல்ஃபின், பேருந்து ஓட்டுநர்)
கத்தியைக் கொஞ்சம் தீட்டிக் கொடுத்தேன்.
இரவு பதினொன்றுக்கு
மூன்று கட்டங்களிலும் ஒரே எண் நின்றது:
பதினான்கு.
அழகாக இருந்தது. அச்செடுத்து
நிலவறைக் கதவில் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை.
ஓரின் வெட்டினான், பதினான்கு.
பா ஞியா எரித்தாள், பதினான்கு.
டெல்ஃபின் நிழலிலிருந்து பாய்ந்தாள்,
சொல்லவே வேண்டாம்.
பூட்டிய கதவொன்று குறுக்கிட்டது.
"பூட்டுக்கும் பதினான்கா?" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.
"நான் இப்போது எறிந்தது நெருப்பா,
செங்கல்லா?" என்றாள் பா ஞியா.

சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்.
உப்பை நிறுத்தேன், மிளகை நிறுத்தேன்,
எடை ஒன்றென்று மகிழ்ந்து
இரண்டையும் வெறும் மாவாக்கிவிட்டேன்.
நாற்பது நிமிடத்தில் டிராகன் செத்தது.
அதன் குகையில் என்ன வாடை என்று
ஒருவர்கூடக் கேட்கவில்லை.

லாபம் அடைந்தவன் ஓரின்தான்.
அவன்தான் தாளைக் கதவிலிருந்து பிய்த்தான்.
"அவள் நெருப்பு எனக்கு வேண்டாம், ஹாரியட்.
கப்பலுக்குள் நான் பற்றவைக்கும்போது
பின்னால் ஒருத்தன் தண்ணீர்க் குழாயோடு நிற்பான்.
எட்டு மணி நேரம். ஒன்றும் செய்யமாட்டான்.
அவன் நகர்ந்துவிட்டால்
நான் சுடரை மூட்டவே மாட்டேன்.
அந்த வேலையைக் கொடு."

தாளின் பின்புறம் பென்சிலால் எழுதினேன்:
அவள் நெருப்பு பழையபடி முப்பத்தாறு.
ஆனால் மூன்று மூச்சு எண்ண வேண்டும்.
அதற்குள் ஒரு விரல் அவளைத் தொட்டாலும்
சொல் சிதறும்.
வாளுக்கு ஆறே ஆறு.
ஆனால் வாள்காரன் நிற்கும் வாசலை,
அவன் நிற்கும்வரை, எவரும் கடக்க முடியாது.

மறுபடி குகை.
"ஒன்று" என்றாள் பா ஞியா, கண்ணை மூடிக்கொண்டு.
ஓரின் நிஜமாகவே எழுந்துவிட்டான்,
நாற்காலி சரிந்தது.
பகடை உருண்டது. கேடயம் போயிற்று.
"இரண்டு."
தோளில் ஒரு பல் இறங்கியது.
மேலே சூப் அடிப்பிடிக்கும் வாசம்.
யாரும் அசையவில்லை.
அவன் திரும்பிப் பார்க்கவில்லை,
அவள் கண் திறக்கவில்லை.
மூன்றுக்கு முன்னால் விரிந்த அந்த இடத்துக்கு
என் தாளில் கட்டமே இல்லை.

முப்பத்தாறுக்கு ஆறு.
ஒட்டவே ஒட்டாத கணக்கு.
இருந்தும் அன்றிரவு நன்றாக உறங்கியிருப்பேன்,
கோட்டை மாட்டிக்கொண்டே டெல்ஃபின்
"எனக்கு என்ன எழுதினாய்?" என்று
கேட்காமல் இருந்திருந்தால்.

எழுதவில்லை. மறந்தே போயிருந்தேன்.
"இரு, இதோ" என்று குனிந்து பென்சிலைத் தேடினேன்.
மேசையில் இல்லை. காதிடுக்கில் இல்லை.
நிமிர்ந்தபோது, சன்னலுக்கு வெளியே, பனியில்
அவள் காரின் பின்விளக்கு
தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.